இணைய விளையாட்டுகளும் இசைவு உரிமையும்
(ஒரு கூட்டுறவு ஆய்வாளர், பாலவாக்கம்)

கூட்டுறவு இயக்கத்திற்கு அடிப்படை யாது என வினவினால், மூலதனம் என்பர் சிலர். நாணயம் என்பர் வேறு சிலர். இரண்டும் வேண்டற்பாலனவே. ஆயினும் இவ்விரண்டிற்கும் முற்பட்டது ஒன்று உண்டு. அது உறுப்பினரின் இசைவு. ஒருவர் தாமே விரும்பி விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சங்கத்தில் சேர்கிறார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. 1904-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதற் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பெற்று, அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் ஒன்று தோன்றிய நாள் தொட்டு, இக்கொள்கை மாறாமல் இருந்து வருகிறது.

எழுத்தறியாத உறுப்பினர் ஒருவர் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன், பத்திரத்தின் வாசகத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறோம். பொருள் விளங்காத இடத்தை விளக்குகிறோம். பிறகு சாட்சியின் கையொப்பமும் பெறுகிறோம். இதனை வெறும் அலுவலகச் சடங்கு என்று எண்ணுதல் தவறு. அறியாமல் வைத்த கைநாட்டு இசைவு ஆகாது என்னும் அறம் அதில் அடங்கியுள்ளது.

இவ்வறம் இக்காலத்தில் வேறோர் இடத்தில் நாள்தோறும் மறக்கப்படுகிறது. அந்த இடம் நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி. அதிலும் நம் பிள்ளைகள் ஆடும் இணைய விளையாட்டுகள். அவற்றைத் திறக்குமுன் "தனியுரிமைக் கொள்கையை ஏற்கிறேன்" என்னும் பொத்தானை அழுத்த வேண்டியுள்ளது. அதன் பொருள் யாது, அதனை அழுத்துவோர் எதற்கு உடன்படுகின்றனர், சட்டம் அதனை எவ்வாறு கருதுகிறது என்பவற்றை நம் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தவறு

முதலில் என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது சென்னைக்குத் தெற்கே பாலவாக்கத்தில். கொட்டிவாக்கத்திற்கும் நீலாங்கரைக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள ஊர் இது. ஊராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஒருபுறம் மீனவர் குப்பம். மறுபுறம் சற்றுத் தொலைவில் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள். இருபுறத்துப் பிள்ளைகளும் மாலையில் கடற்கரை மணலில் அமர்ந்து ஒரே விளையாட்டைத்தான் கைப்பேசியில் ஆடுகின்றனர்.

என் தமையனார் மகனுக்கு வயது பதினான்கு. ஒரு நாள் மாலை என் கைப்பேசியைக் கொண்டு வந்து, "சித்தப்பா, இதை ஒரு தடவை அழுத்துங்கள். பெரியவர்கள் அழுத்த வேண்டுமாம்" என்றான். நான் அழுத்தினேன். அதற்கு ஆன நேரம் ஒரு நொடி இருக்கலாம். "படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள்" என்று மகாசபைக் கூட்டந்தோறும் பேசி வரும் ஆய்வாளன், ஒரு வரியும் படியாமல் இசைவு தந்துவிட்டான்.

அன்றிரவு உறக்கம் வராமல் அக்கொள்கையைத் தேடிப் படித்தேன். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பட்டம் பெற்ற எனக்கே அதனைப் படித்து முடிக்க ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. சில பகுதிகள் இரண்டாம் முறை படித்தும் தெளிவாகவில்லை.

நெசவாளர் ஒருவரின் வினா

இது நிகழ்ந்து சில வாரங்கள் கழிந்தபின், அலுவல் நிமித்தமாக ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். நடுவயதுடைய உறுப்பினர் ஒருவர் தலை குனிந்தபடி வந்து நின்றார். அவருடைய கைப்பேசியில் மகன் ஒரு விளையாட்டைப் பதிவிறக்கி இருக்கிறான். மறுநாள் அவர் பெயரில், அவருடைய கைப்பேசியில் எண் உள்ள அனைவருக்கும் "நானும் ஆடுகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று அழைப்புச் செய்தி போயிருக்கிறது. சங்கத் தலைவருக்கும் போயிற்று, செயலாளருக்கும் போயிற்று, பெண் கொடுத்த சம்பந்திக்கும் போயிற்று. கூலிப் பணத்தில் சூதாடுகிறாரோ என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டனர்.

"ஐயா, நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பையன் விரல் வைத்திருக்கிறான். பெயர் மட்டும் என் பெயர். அவன் வைத்த விரல் என்னை எப்படிக் கட்டும்? என்னையாவது கட்டட்டும், என்னிடம் எண் இருந்த பாவத்துக்கு மற்றவர்களை எப்படிக் கட்டும்?" என்று அவர் கேட்டார்.

சட்டக் கல்லூரியில் கேட்க வேண்டிய வினா இது. நம் சங்க நடைமுறையைக் கொண்டே அதன் கூர்மையை அறியலாம். ஒருவர் கடன் வாங்கும்போது, தமக்குத் தெரிந்தவர் என்பதற்காக இன்னொருவரை அவர் அறியாமல் பிணையாளி ஆக்க முடியுமா? முடியாது. பிணையாளி தாமே வந்து கையொப்பமிட வேண்டும். விளையாட்டுச் செயலியோ, ஒருவர் விரலை வைத்துக் கொண்டு அவர் அறிந்தோர் அனைவரின் எண்ணையும் எடுத்துக் கொள்கிறது. அவர்களுள் எவரும் எப்பொத்தானையும் அழுத்தியவர் அல்லர்.

கொள்கையில் அடங்கியவை யாவை?

தனியுரிமைக் கொள்கை என்பது, "உம்மைப் பற்றிய இன்னின்ன விவரங்களை எடுப்போம்; இன்னின்ன காரியத்திற்குப் பயன்படுத்துவோம்; இன்னின்னாருக்குக் கொடுப்போம்" என்று நிறுவனம் எழுதி வைக்கும் பத்திரம். அதில் பொதுவாகக் காணப்படும் விவரங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆடுபவர் தாமே தரும் விவரம்: பெயர், வயது, தொலைபேசி எண், மின்னஞ்சல். இரண்டாவது, கைப்பேசி தரும் விவரம்: கருவியின் அடையாள எண், விளம்பரத்திற்கென அமைந்த அடையாள எண், இணையத் தொடர்பின் வழியே அறியப்படும் ஊர், அனுமதி தந்திருப்பின் துல்லியமான இருப்பிடம், தொடர்பு எண்கள், ஒலிவாங்கி, நிழற்படங்கள். மூன்றாவது, ஆட்டத்தினின்று பெறும் விவரம்: எந்நேரத்தில் ஆடுகிறார், எவ்வளவு நேரம் ஆடுகிறார், எந்தக் கட்டத்தில் தோற்றுச் சலிப்படைகிறார், எப்போது பணம் கொடுத்து ஆயுதமோ ஆடையோ வாங்குகிறார் என்பன. நான்காவது, பிறரிடமிருந்து பெறும் விவரம்: சமூக வலைத்தளக் கணக்கு வழியே நுழைந்தால் அங்கிருந்து வருவன.

இவற்றுள் மூன்றாவது வகையே கருதத்தக்கது. துணி வாங்க வந்தவர் எந்தச் சேலையைக் கையில் எடுத்து எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதை ஒரு கடைக்காரர் நினைவில் வைத்திருக்கலாம். அவர் நினைவு சிறிது. ஆனால் பல இலட்சம் பேரின் ஒவ்வோர் அசைவையும் கணினி குறித்து வைத்து, தளரும் நேரம் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பண்டம் காட்ட வல்லது. பிள்ளையின் பலவீனம் எது என்பதைத் தாய் அறியுமுன் நிறுவனம் அறிந்துவிடுகிறது.

கொள்கையின் முடிவில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும். "இக்கொள்கையை நாங்கள் அவ்வப்போது மாற்றலாம்; தொடர்ந்து ஆடுவதே மாற்றத்திற்கு இசைந்ததாகக் கொள்ளப்படும்" என்பதே அதன் கருத்து. இதனை நம் சங்கத் துணை விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு துணை விதியைத் திருத்த வேண்டுமாயின் உறுப்பினருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பேரவை கூடித் தீர்மானிக்க வேண்டும். பதிவாளர் அதனைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பின்னரே திருத்தம் செல்லும். தலைவரும் செயலாளரும் ஓர் இரவில் கூடித் துணை விதியை மாற்றிவிட்டு, "நாளை நூல் வாங்க வருவோர் எல்லாம் இசைந்தவரே" என்று பலகையில் எழுதி வைத்தால் நாம் ஒப்புவோமா?

இசைவு என்பது எது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே இசைவு என்பது அதன் 13-ஆம் பிரிவு. அவ்விசைவு வற்புறுத்தல், தகாச் செல்வாக்கு, மோசடி, தவறான உரை, பிழை ஆகியவற்றின் விளைவாக இராமல் சுதந்திரமாக இருத்தல் வேண்டும் என்பது 14-ஆம் பிரிவு.

படிக்கப்படாத பத்திரத்தில் இரு சாராரும் ஒரே கருத்தில் உடன்பட்டனர் என்று சொல்வது அரிது. இதனை நகைச்சுவையாக மெய்ப்பித்தது ஒரு நிகழ்ச்சி. இங்கிலாந்தில் கணினி விளையாட்டுகள் விற்று வந்த கேம்ஸ்டேஷன் என்னும் நிறுவனம், 2010 ஏப்ரல் முதல் நாளன்று, வாங்குவோர் தம் ஆன்மாவை நிறுவனத்திற்கு எழுதிக் கொடுப்பதாகத் தன் நிபந்தனைகளில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது. வேண்டாதவர் அதனை விலக்கவும் வழி வைத்தது. விலக்கியவருக்கு 5 பவுன் பரிசும் வைத்தது. ஏறத்தாழ 7,500 பேர் படியாமலே தம் ஆன்மாவை எழுதிக் கொடுத்தனர். படித்தறிந்து பரிசு பெற்றவர் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினரே.

மக்கள் சோம்பல் உடையவர் என்று இதனால் முடிவு கட்டலாகாது. அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2008-இல் ஒரு கணக்கெடுத்தனர். இணையத்தில் தாம் செல்லும் இடங்களின் கொள்கைகளை எல்லாம் ஒருவர் படிக்க முற்பட்டால் ஆண்டுக்கு 200 மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்று கண்டனர். நாளுக்கு எட்டு மணி நேரம் தறியில் அமரும் நெசவாளருக்கு அது இருபத்தைந்து நாள் உழைப்பு. அத்தனை நாள் கூலியை இழந்து எவர் படிப்பார்? படிக்க முடியாத அளவில் எழுதிவிட்டு, படித்து இசைந்தார் என்று சொல்வது நேர்மையாகாது.

"விளையாட்டு உணவா, மருந்தா? வேண்டாதவர் ஆடாமல் இருக்கட்டுமே. ஏற்றால் ஆடு, இன்றேல் விடு என்பதில் கட்டாயம் எங்கே உள்ளது?" என்று கேட்போர் உளர். இவ்வினாவில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் விளையாட்டிற்குத் தேவையானதைக் கேட்பது ஒன்று. தேவையில்லாததையும் சேர்த்துக் கட்டி, அனைத்தும் தந்தால்தான் கதவு திறக்கும் என்பது வேறு. உரம் வாங்க வந்த விவசாயியிடம், "உம் உறவினர் முகவரிகளை எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் மூட்டை கிடைக்கும்" என்று எந்தச் சங்கமும் சொல்வதில்லை. 1986-இல் பிரஜோ நாத் கங்கூலி வழக்கில், பேரம் பேசும் வலிமை சிறிதும் இல்லாதவர் அச்சிட்ட பத்திரத்தில் கையொப்பமிடும்போது அதிலுள்ள நியாயமற்ற ஷரத்து செல்லாது என்று நம் உச்சநீதி மன்றம் கூறியுள்ளது. அது ஒரு நிறுவனத்திற்கும் அதன் ஊழியருக்கும் இடையே எழுந்த வழக்கே எனினும், அதன் கருத்து இங்கும் எண்ணத்தக்கது.

பிள்ளைகள் தரும் இசைவு

ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. ஆகவே நெசவாளரின் முதல் வினாவிற்கு விடை தெளிவானது. பதினெட்டு வயது நிரம்பாத மகன் வைத்த விரல் ஒப்பந்தமாகாது.

அந்த இடர்ப்பாட்டை நீக்கவே நிறுவனங்கள் பெற்றோர் இசைவைக் கேட்கின்றன. இதற்கு நம் நாட்டில் பலரும் அறிந்த ஒரு சான்று உண்டு. பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசாங்கம் 2020 செப்டம்பர் 2-இல் தடை செய்தது. பயன்படுத்துவோர் விவரங்கள் களவாக வெளிநாட்டுக் கணினிகளுக்கு அனுப்பப்படுவதாக வந்த முறையீடுகளை அரசாங்கம் காரணமாகக் காட்டியது. பின்னர், தென் கொரியாவின் கிராப்டன் நிறுவனம் பாட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் பெயரில் 2021 ஜூலையில் அவ்விளையாட்டை மீண்டும் கொணர்ந்தது. பழைய கணக்கின் விவரங்களைப் புதியதற்கு மாற்ற ஆடுபவரின் இசைவு கேட்கப்பட்டது. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் பெற்றோரின் தொலைபேசி எண்ணைத் தர வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. 2022 ஜூலையில் அதுவும் தடுக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் நேரக் கட்டுப்பாடுகளுடன் திரும்பியது.

தொலைபேசி எண் கேட்டல் நற்செயலே. ஆனால் எண்ணை எழுதுபவனும் பிள்ளை. அவ்வெண்ணுக்கு வரும் செய்தியைப் படிப்பவனும் பல வீடுகளில் அதே பிள்ளை. நெசவாளர் வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். தந்தை தறியில் இருக்கும்போது அது மகன் கையில் இருக்கிறது. அச்சமயத்தில் தந்தையின் இசைவு என்பது தந்தையின் எண்ணே அன்றித் தந்தையின் கருத்து அன்று. என் வீட்டில் நேர்ந்ததோ இன்னும் கேடு. பெரியவனே அழுத்தினான், அறியாமல் அழுத்தினான்.

பெரிய நாடுகளும் இத்துன்பத்திற்கு விலக்கல்ல. போர்ட்நைட் என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், பதின்மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2022 டிசம்பரில் அந்நிறுவனம் 27½ கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. அறியாமல் பொருள் வாங்கச் செய்யும் வகையில் பொத்தான்களை அமைத்ததற்காக, மேலும் 24½ கோடி டாலரை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவும் இசைந்தது.

தமிழ்நாட்டு வழக்கு

இணைய விளையாட்டில் கட்டாயமும் தனியுரிமையும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று சென்னையிலேயே நடைபெற்றது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளால் பல குடும்பங்கள் கடனில் மூழ்கி உயிரிழப்புகளும் நேர்ந்தமையால், ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழுவைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-இல் அமைத்தது. அக்குழுவின் அறிக்கைக்குப்பின் இயற்றப்பெற்ற சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் பண விளையாட்டு ஆடலாகாது. ஆடுவோர் ஆதார் வழியே தம்மை மெய்ப்பிக்க வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நுழைவு கூடாது என்பன அவற்றுள் முதன்மையானவை.

நிறுவனங்கள் உயர்நீதி மன்றத்தை அணுகின. ஆதாரைக் கட்டாயமாக்குவது ஆடுவோரின் தனியுரிமையைப் பறிக்கும் என்பது அவை கூறிய காரணங்களுள் ஒன்று. தனியுரிமை அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று உச்சநீதி மன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருப்பதும் உண்மையே. எனினும் 2025 ஜூன் 3-இல் சென்னை உயர்நீதி மன்றம் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. தனியுரிமை எல்லையற்றது அன்று. பொது நலத்தோடு அதனைச் சீர்தூக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் பாராளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்ற, 2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பல நிறுவனங்கள் அம்மாதமே அவ்விளையாட்டுகளை நிறுத்தின.

இவ்வழக்கில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்கம் ஒரு விவரத்தைக் கட்டாயமாகக் கேட்டபோது அதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் விவாதம் நடந்தது. நீதிமன்றத்தில் காரணம் காட்ட வேண்டியும் இருந்தது. நிறுவனம் அதனினும் மிகுதியான விவரங்களைக் கேட்கும்போது ஒரு பொத்தான் போதியதாக இருந்து வந்துள்ளது. பணம் வைத்து ஆடுவது நின்றாலும், பணமின்றி ஆடும் விளையாட்டுகள் நிற்கவில்லை. அவற்றில் பிள்ளைகள் காசு தருவதில்லை. காசுக்கு ஈடாகத் தம் விவரங்களைத் தருகின்றனர்.

புதிய சட்டம் கூறுவது

2023 ஆகஸ்டில் இயற்றப்பெற்ற மின்னணு வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்ற முற்படுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இசைவு பற்றிய முதன்மையான பிரிவுகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும் என அப்போது அறிவிக்கப்பட்டது. உறுப்பினர் அறிய வேண்டிய கூறுகள் இவை:

1. இசைவு சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட ஒரு காரியத்திற்கு உரியதாகவும், அறிந்து தந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயமற்றதாகவும் இருத்தல் வேண்டும். கூறிய காரியத்திற்குத் தேவையான விவரத்தை மட்டுமே அது கட்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்க, ஒருவர் அதற்கும் இசைந்துவிட்டார் எனினும், மருத்துவத்திற்கு அவ்வெண்கள் தேவையில்லை ஆதலின், அவரது இசைவு மருத்துவத்திற்கு வேண்டிய விவரங்களோடு நின்றுவிடும். விளையாட்டிற்கும் இது பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

2. இசைவு கேட்கும் வாசகம் எளிய நடையில் இருக்க வேண்டும். அதனை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எம்மொழியிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று.

3. இசைவு தருவது எவ்வளவு எளிதோ, அதனைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும்.

4. முறையாக அறிவித்து இசைவு பெற்றோம் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது.

5. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் விவரங்களைக் கையாளச் சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் இசைவு பெற வேண்டும். பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் பொதுவாகக் கூடா. பிள்ளைகள் பற்றிய கடமையில் தவறினால் ரூ. 200 கோடி வரை தண்டம் விதிக்கலாம்.

6. 50 இலட்சத்திற்குக் குறையாத பதிவாளர்களை உடைய விளையாட்டு நிறுவனம், ஒருவர் மூன்று ஆண்டுகள் அணுகாதிருந்தால் அவர் விவரங்களை அழிக்க வேண்டும். அழிக்குமுன் 48 மணி நேர அறிவிப்பும் தர வேண்டும்.

சட்டம் நல்லது என்பதால் காரியம் முடிந்ததாகக் கருதலாகாது. கூட்டுறவுச் சட்டம் எவ்வளவு நன்றாக இருப்பினும், பேரவைக்கு உறுப்பினர் வாராத சங்கம் சீர்கெடுவதை நாம் கண்டிருக்கிறோம். உரிமையை அறிந்து கேட்பவர் இருந்தால்தான் சட்டத்திற்கு உயிர் உண்டு.

உறுப்பினர் செய்ய வேண்டுவன

பிள்ளைகள் கேட்டவுடன் பொத்தானை அழுத்தாதீர்கள். பதிவிறக்குமுன், செயலிக் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தில் "தரவுப் பாதுகாப்பு" என்னும் பகுதியைப் பாருங்கள். எவ்விவரங்கள் எடுக்கப்படுகின்றன, எவை பிறருக்குத் தரப்படுகின்றன என்று நிறுவனம் அங்கே கூறியிருக்கும். முழுக் கொள்கையைப் படிக்க நேரமில்லை எனினும் இதனைப் படிக்கச் சில நிமிடங்கள் போதும்.

கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் தந்துள்ள அனுமதிகளைக் காணலாம். தொடர்பு எண்கள், இருப்பிடம், நிழற்படங்கள் ஆகியவற்றிற்கு விளையாட்டுச் செயலிக்குத் தந்த அனுமதியை நீக்குங்கள். பல விளையாட்டுகள் அவையின்றியே நன்கு இயங்கும். இயங்க மறுக்கும் விளையாட்டு, விளையாட்டிற்காக மட்டும் ஏற்பட்டதன்று என்று அறிந்து விலக்குக.

கூலியும் விளைபொருள் விலையும் வந்து சேரும் வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசியைப் பிள்ளைகளிடம் விளையாடத் தருவதைக் கூடிய மட்டும் தவிர்க்கவும். வேறு வழியில்லை எனில், பணம் செலுத்தும் செயலிகளுக்கும் செயலிக் கடையில் பொருள் வாங்குவதற்கும் தனிக் கடவுச்சொல் இடவும். பிள்ளையின் உண்மையான வயதையே பதியவும். வயதைக் கூட்டிச் சொன்னால், சட்டம் பிள்ளைக்குத் தரும் பாதுகாப்பை நாமே நீக்கியவர் ஆவோம்.

செயலியைக் கைப்பேசியினின்று நீக்குவதால் நிறுவனத்திடம் சென்ற விவரங்கள் அழிவதில்லை. முதலில் செயலிக்குள் சென்று கணக்கை நீக்கக் கோரி, அதன் பின்னரே செயலியை நீக்குக. பணம் மோசடியாகப் போயிருப்பின் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்கவும். நுகர்வோர் முறையீட்டிற்கு 1915 என்னும் எண் உள்ளது.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்த்துக் கொள்வது முறை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுள் 63,000 சங்கங்களைக் கணினி மயமாக்க ரூ. 2,516 கோடியில் ஒரு திட்டத்தை மத்திய அரசாங்கம் 2022 ஜூனில் ஏற்றது. உறுப்பினரின் நிலம், கடன், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய விவரங்கள் பேரேட்டினின்று கணினிக்குச் செல்கின்றன. ஆதார் நகலை வாங்கும்போது எதற்கு வாங்குகிறோம் என்று சொல்கிறோமா? பழைய நகல்களை மேசையடியில் குவித்து வைத்திருக்கிறோமா? உறுப்பினர் எண்களைக் கடன் தரும் தனியாருக்கு எவரேனும் கொடுத்தால் தடுக்கிறோமா? இவ்வினாக்களை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தன்னையே கேட்டுக் கொள்ளல் வேண்டும். புதிய சட்டம் விளையாட்டு நிறுவனத்திற்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

மேலும், பேரவைக் கூட்டத்தின் முடிவில் அரை மணி நேரம் ஒதுக்கி, கைப்பேசியில் அனுமதிகளை நீக்கும் முறையை உறுப்பினருக்குச் செய்து காட்டலாம். படித்த இளைஞர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். பத்திரத்தைப் படித்துக் காட்டிய பழைய எழுத்தரின் பணியை இன்று அவர் செய்யலாம்.

முடிவு

அந்த நெசவாளருடைய கைப்பேசியை வாங்கி, சங்க அலுவலகத்திலேயே அனுமதிகளை நீக்கிக் காட்டினேன். கணக்கையும் நீக்கக் கோரினோம். சென்ற செய்திகளைத் திரும்பப் பெற இயலவில்லை. ஆகவே செயலாளர் அன்று மாலை நடந்த கூட்டத்தில், அச்செய்தி உறுப்பினர் அனுப்பியதன்று என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினார். அவர் முகம் தெளிந்தது. அவருடைய இரண்டாம் வினாவிற்கு, அதாவது பொத்தானை அழுத்தாத மற்றவர்களின் எண்களை எடுத்தது எவ்வாறு தகும் என்பதற்கு, நியாயமான விடை என்னிடம் இல்லை. தகாது என்பதே விடை. அதனைச் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தார்.

வீட்டிலும் ஒரு மாறுதல் ஏற்பட்டுள்ளது. தமையனார் மகன் இப்போது புது விளையாட்டு எதுவாயினும், "சித்தப்பா, இது என்னென்ன கேட்கிறது என்று சேர்ந்து பார்ப்போமா?" என்கிறான். பாதி விளையாட்டுகளைப் பார்த்தவுடன் அவனே வேண்டாம் என்று விடுகிறான். மீதியை நான் படித்து, அவனும் அறிந்தபின், இசைகிறோம். கைநாட்டு வைக்குமுன் படித்துக் காட்டிய நம் முன்னோர் வழக்கம் அவ்வளவில் எங்கள் வீட்டிற்குத் திரும்பியிருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவர் இல்லத்திலும் அது திரும்புமாக.